கன்ஸோலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

ஸ்ரீரங்கன் முப்பத்துநான்கு வருஷம் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவர். தேனாம்பேட்டையில் ஓர் அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டார். ஓய்வு பெற்றாலும் அலுவலக ரகசியம் அலுவலக ரகசியம்தான் என்பார். அங்கே அப்படி என்ன ரகசியம் இருந்தது என்று கேட்டால் அதுவும் ரகசியம். பதினோரு அதிகாரிகள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். சொன்னதில் ஒன்றை விட்டதில்லை, சொல்லாததில் ஒன்றைச் சேர்த்ததில்லை. ஒருமுறை ஓர் அதிகாரி குத்தகை விவகாரம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் கொசுவை அடித்து, "சனியனே" என்றார். அந்தக் கோப்பின் நான்காம் பத்தியில், குத்தகைதாரரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. குத்தகைதாரர் மேல்முறையீடு செய்தார். ஸ்ரீரங்கனிடம் விளக்கம் கேட்டார்கள். தன் பேரில் தப்பில்லை என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, அதையும் அவரே டைப் செய்து கொடுத்தார்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே மனைவி போய்விட்டாள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இரண்டாம் மாடி வீட்டில், அவரும் மகள் ஹம்சாவும் மட்டும். ஹம்சாவுக்கு இருபத்தெட்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறாள். மற்ற நேரமெல்லாம் எலக்ட்ரானிக் இசை. கம்ப்யூட்டரில் ஒலிகளை வெட்டி, நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்கிற பாட்டு. பாட்டு என்று சொல்லக்கூடாது, டிராக் என்று சொல்ல வேண்டும் என்பதை ஸ்ரீரங்கன் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அடையாறு பக்கம் ஏதாவது மொட்டை மாடிக் காபிக் கடையில் ஹம்சா கன்ஸோல் என்கிற பொத்தான் பெட்டி முன்னால் நின்று வாசிப்பாள். ஐம்பது அறுபது பேர் வந்து ஆடுவார்கள். விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும்.

துணைக்கு ஸ்ரீரங்கன் போவார்.

இது மயிலாப்பூருக்கே உரிய வழக்கம். பெண் குழந்தையை வீணை வகுப்புக்குக் கொண்டுவிட்டு வாசலில் நிற்கிற அப்பாக்கள் அங்கே தெருவுக்குப் பத்துப் பேர். ஹம்சாவுக்கு ஏழு வயதானபோது ஸ்ரீரங்கனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். மற்ற அப்பாக்கள் காலாகாலத்தில் விலகிக்கொண்டார்கள். இவருக்கு இனி வேண்டாம் என்று யாரும் உத்தரவு தரவில்லை, அதனால் தொடர்ந்தார். கச்சேரி என்றால் வீட்டு மனிதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். மொட்டை மாடியில் முன்வரிசை கிடையாது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி, கன்ஸோலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். காதில் பஞ்சு. தொடையில் தாளம். எல்லாம் நாலு நாலாகத்தான் வருகிறது, சதுஸ்ர நடைதான், ஒன்றும் கஷ்டமில்லை என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஆடுகிறவர்களில் யாராவது கன்ஸோல் பக்கம் வந்தால், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மரியாதையாகக் கேட்பார். பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம் என்று போய்விடுவார்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு பேர் பாதியில் போனார்கள் என்று சுருக்கெழுத்தில் குறித்துவைத்து, ஆட்டோவில் வீடு திரும்பும்போது மகளுக்குப் படித்துக் காட்டுவார். அவளும் கேட்டுக்கொள்வாள்.

இந்த நிகழ்ச்சிகளை நடத்துகிறவன் சாய்சரண் என்ற பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. அங்கிள், அங்கிள் என்று ஸ்ரீரங்கனுக்குத் தயிர்சாதம் வரவழைத்துக் கொடுப்பான். டிசம்பரில் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் பெரிய விழா ஒன்றும் அவன் பொறுப்பில் நடக்கும். எலக்ட்ரானிக் இசைக்காரர்களுக்கு அந்த மேடைதான் மேடை. ஹம்சா மூன்று வருஷமாக அதற்கு மனு போடுகிறாள். மூன்று வருஷமும் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "என் டிராக் அவாளுக்கு செட் ஆகலையாம்பா" என்பாள்.

வாரத்தின் மற்ற நாட்களை ஓட்ட ஸ்ரீரங்கன் டைப்பிங் வேலை எடுத்தார். தேனாம்பேட்டையில் ஜைதூன் பீ நடத்துகிற டைப்பிங் சென்டர் அவருக்குப் பழைய பழக்கம். இப்போதெல்லாம் அங்கே வருவது ஒலிப்பதிவுகள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆட்களைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். கேட்டுக் கேட்டு டைப் செய்து தரவேண்டும். போன ஆடியில் ஒரு பெரிய வேலை வந்தது. நாற்பது பேட்டிகள். மஹதி என்ற ஆய்வு மாணவியுடையது. தலைப்பு: எலக்ட்ரானிக் இசைத் துறையில் ஆண் பெண் சமத்துவமின்மை. ஹம்சாவைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருந்த ஜைதூன் பீ அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு, இது உங்களுக்குத்தான் சார் என்று பென் டிரைவை நீட்டினார். மஹதியை ஸ்ரீரங்கன் பார்த்ததில்லை, மஹதியும் இவரைப் பார்த்ததில்லை.

ஓர் ஒப்பந்தம் உண்டு. பேட்டி கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. பேசுகிறவர் தெரிந்தவராக இருந்தால் கோப்பைக் கேட்காமல் திருப்பித் தரவேண்டும், அதன் பிறகு அந்த ஆய்வில் வேலை கிடையாது. ஸ்ரீரங்கன் மூன்று முறை படித்து, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பத்துப் பேட்டி முடிவதற்குள் அவருக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பதிலாளர் மூன்று என்கிற பெண் மேடை ஏறினால் சவுண்டுக்காரர் அவள் கையை விலக்கிவிட்டுத் தானே வயரைச் செருகுகிறாராம். பதிலாளர் ஆறிடம், இந்த டிராக்கை உங்களுக்கு யார் செய்து கொடுத்தது என்று ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கேட்கிறார்களாம். பதிலாளர் ஒன்பது ஓர் ஆண். பெண்களுக்கு மெஷின் வராது, குரல் வரும் என்று நாற்பது நிமிஷம் விளக்கியிருந்தார். ஸ்ரீரங்கன் அதையும் ஓர் எழுத்து விடாமல் டைப் செய்தார். ஆனால் விசைகளை ஓங்கி அடித்தார்.

காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூட நடக்கிற வேம்புவிடம் பெண் சமத்துவம் பற்றிப் பேச ஆரம்பித்தார். யார் சொன்னது, எங்கே நடந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டுக் கோபத்தை மட்டும் சொன்னார். வேம்பு மின்வாரியத்தில் கணக்கு பார்த்தவர், யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவர். நாலு சுற்று கேட்டபின், உங்காத்தில் எப்படி என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். எங்காத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, நானே கூடப் போகிறேனே என்றார் ஸ்ரீரங்கன். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்குக் குரல் கணீரென்றுதான் இருக்கும். பூங்காவில் எல்லாருக்கும் கேட்டது.

ஆவணி பிறந்தபோது ஹம்சா கன்ஸோலை விற்பதற்கு விளம்பரம் போட்டாள். இனிமேல் வாசிக்கப் போவதில்லை என்றாள். வயதாகிக்கொண்டு போகிறது, மூன்று வருஷம் பார்த்தாயிற்று, என் டிராக் எடுபடவில்லை, அவ்வளவுதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். வாங்க ஆள் வருகிறவரை ஞாயிற்றுக்கிழமைகள் நடக்கும். இந்தப் பெண் நாலு வயதில் குக்கரின் மூன்றாவது விசில் மட்டும் சுருதி இறங்குகிறது என்று சொன்னவள். அவள் டிராக் எடுபடவில்லை என்றால் எடுபடுவது எது என்று அவருக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த விளம்பரத்தைத் திறந்து, விற்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில்தான் பதிலாளர் பதினேழு வந்தார். குரலைக் கேட்ட மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது, சாய்சரண். ஸ்ரீரங்கன் பதிவை நிறுத்தினார். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். தெரிந்தவர் என்று போட்டிருக்கிறது. சாய்சரணைத் தெரிந்தவன் என்று சொல்லலாமா? பழக்கமுண்டு. தயிர்சாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவன் அப்பா பெயர் தெரியுமா? தெரியாது. அப்படியானால் தெரிந்தவன் ஆகான். சட்டத்தை முப்பத்துநான்கு வருஷம் எழுதிய கைக்கு அதை வளைக்கத் தெரியாமலா இருக்கும்? மறுபடி பதிவை ஓட்டினார்.

பெரிய விழாவில் பெண்கள் ஏன் குறைவு என்று மஹதி கேட்க, சாய்சரண் காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்தான். இருபத்தாறாவது நிமிஷத்தில் சொன்னான்:

"ஒரு பொண்ணு இருக்கா மேடம். இந்த ஊர்லயே அவதான் பெஸ்ட். ஆனா அவளைக் கூப்பிட்டா அவ அப்பாவும் வருவாரு. கன்ஸோல் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து தொடையில தாளம் போடுவாரு. யாராவது கிட்ட போனா 'என்ன வேணும்'னு கேப்பாரு. ஆட வந்தவங்க ஸ்கூல் பிரேயர்ல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. ரெண்டாயிரம் பேர் வர்ற மேடைக்கு அவளை எப்படிக் கூப்பிடுறது?"

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா என்று மஹதி கேட்டாள். மூன்று வருஷமாகச் சொல்கிறேன், தனியாக வந்தால் நாளைக்கே இடம் என்கிறேன், முடியாது என்கிறாள் என்றான் சாய்சரண்.

ஸ்ரீரங்கன் எல்லாவற்றையும் டைப் செய்தார். வழக்கப்படி இரண்டாம் தடவையும் கேட்டுச் சரிபார்த்தார். பிழை ஒன்றுமில்லை. பிறகு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவமானமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. தயிர்சாதம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இப்படி நினைத்திருக்கிறானே என்று கொஞ்ச நேரம் சாய்சரண்மேல் கோபப்பட்டார். அப்புறம் நிதானமாக யோசித்தார். டிராக் சரியில்லை என்று ஹம்சா சொன்னது பொய். தனியாக வா என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. எதனால்? தனியாகப் போக அவளுக்குப் பயம். சொன்னால் அப்பா வருத்தப்படுவார் என்று மறைத்திருக்கிறாள். பாவம், குழந்தை. பதிலாளர் மூன்றும் ஆறும் படுகிற பாட்டைக் கேட்டவருக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை இன்னும் இரண்டடி கிட்டே போட்டுக்கொண்டார்.

பதிலாளர் இருபத்துமூன்று ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். "ரெக்கார்ட் ஆகுதா?" என்ற முதல் இரண்டு சொல்லிலேயே கை நின்றுவிட்டது. தெரிந்தவரா இல்லையா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. அப்பா பெயர்கூடத் தெரியும். விதிப்படி பதிவை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கன் எழுந்திருக்கவில்லை. தன் வாழ்நாளில் முதல்முறையாக, தெரிந்தே ஒரு விதியை மீறினார். மீறும்போதும் டைப் செய்துகொண்டே மீறினார்.

முதல் அரைமணி மெஷின்கள், சம்பளம், சவுண்டுக்காரர்கள். ஹம்சா தெளிவாகப் பதில் சொன்னாள். பெரிய விழாவுக்குத் தனியாக வரச் சொல்கிறார்கள், நான்தான் போகவில்லை என்றாள். பயமா என்று மஹதி கேட்டாள். ஹம்சா சிரித்தாள். ஸ்ரீரங்கன் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று டைப் செய்தார். அதுவரை பொதுத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் ஆத்துத் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"பயமெல்லாம் இல்ல. அம்மா போனப்புறம் அப்பாக்கு ஆத்துல பேச ஆள் கிடையாது. சனிக்கிழமையே ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வச்சுடுவார், மறுநாள் என்னோட வரதுக்கு. வராதேள்னு நான் சொல்லிட்டா, அந்தச் சட்டையைப் போட்டுண்டு அவர் எங்க போவார்?"

அதற்காக இதை விட்டுவிடுகிறீர்களா என்று மஹதி கேட்டாள்.

"விட்டாச்சு. கன்ஸோலை விக்கப் போட்டாச்சு. நான் பிள்ளையா இருந்தா, கூட வரணும்னே அவருக்குத் தோணியிருக்காது, அது எனக்குத் தெரியறது. ஆனா அவர் மேல எனக்குக் கோபமே வரல. இதை நீங்க சமத்துவமின்மைல சேத்துப்பேளா மாட்டேளான்னுதான் தெரியல."

நான்கு விநாடி மௌனம் என்று டைப் செய்தார் ஸ்ரீரங்கன். சேர்க்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன் என்று மஹதி சொன்னதையும் டைப் செய்தார். சரிபார்க்க இரண்டாம் தடவை கேட்க வேண்டும். கேட்கவில்லை. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். சத்தம் வராமல் அழ அலுவலகத்திலேயே பழகியிருந்தார். இருபது வருஷமாக அவளுக்குத் துணைக்குப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். யார் யாருக்குத் துணை என்பதை ஒரு டைப்பிங் வேலை வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் தேனாம்பேட்டைக்குப் போய், பென் டிரைவையும் செய்த வேலையையும் ஜைதூன் பீயின் மேஜையில் வைத்தார். தெரிந்த குரல் ஒன்று வந்துவிட்டது, விதிப்படி என்னால் தொடர முடியாது என்றார். ஜைதூன் பீ கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"இன்னா சார் நீங்க. இன்னும் பதினேழு ஃபைல் கீது. கம்முனு அடிச்சுக் குட்த்துட்டுப் போய்க்கினே இருக்கலாம்ல. யாரு சார் கண்டுக்கப் போறா?"

யார் குரல் என்று கேட்டதற்கு, அது ரகசியம் என்றார் ஸ்ரீரங்கன். வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டார். பொங்கல் வரைக்கும் ஒன்றும் இல்லை என்றார் ஜைதூன் பீ. ஸ்ரீரங்கன் பேருந்துக்கு நின்றார், இரண்டு பேருந்தை விட்டார், மூன்றாவதில் ஏறி வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் ஹம்சா வேலை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, இந்த ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை என்றார். டைப்பிங் வேலை தலைக்குமேல் இருக்கிறது என்றார். ஹம்சா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அடுத்த ஞாயிறு?"

"அதுவும் முடியாது."

"டிசம்பர்ல?"

"டிசம்பர்ல இன்னும் ஜாஸ்தி."

ஹம்சா அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் செய்தித்தாளின் நான்காம் பக்கத்தைப் பார்த்தார். அதில் ஒரு சிமெண்ட் விளம்பரம் மட்டும்தான் இருந்தது. அதை முழுக்கப் படித்தார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் கழித்து அவர் விளம்பரத்தைத் திறந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. விற்றுவிட்டதோ என்று அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கன்ஸோல் மேஜைமேல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு லேசாகப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னவர் வெளியே நடமாடக் கூடாதல்லவா, அதனால் பூங்காவுக்கும் போகாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். பொய் சொன்னாலும் அதை ஒழுங்காகச் செய்கிற மனிதர். நவம்பரில் சாய்சரண் பெரிய விழாவின் பட்டியலை வெளியிட்டான். இரண்டாம் நாள், மாலை நான்கு மணி, ஹம்சா. ஐம்பது நிமிஷம்.

விழா நாளன்று அவள் பதினொரு மணிக்கே கிளம்பினாள். வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து, நிஜமாகவே வரவில்லையா என்று கேட்டாள். நாளைக்குள் முப்பது பக்கம் கொடுத்தாக வேண்டும் என்றார் ஸ்ரீரங்கன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்போதுகூட அவர் கீழே இறங்கவில்லை, ஜன்னலிலிருந்துதான் பார்த்தார். பத்திரமாப் போ என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அதையும் விழுங்கினார்.

மூன்றே முக்காலுக்கு போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"அப்பா, என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"டைப் பண்ணிண்டிருக்கேன். நிறைய இருக்கு."

அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் காது என்ன கேட்டதோ. "சத்தத்தையே காணுமே?" என்றாள்.

ஸ்ரீரங்கன் போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு கையாலும் விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் போட்டிருக்கவில்லை. நிமிஷத்துக்கு அறுபது சொல், அவருடைய வழக்கமான வேகம்.

"இப்போ கேக்கறதா?"

"கேக்கறது." பிறகு மெதுவாக, "ஸ்பேஸ் பாரைத் தட்டவே இல்லையேப்பா நீங்க" என்றாள்.

அவர் ஸ்பேஸ் பாரைத் தட்டினார்.

"ம்," என்றாள் ஹம்சா. மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது. "என்னைக் கூப்பிடறா. போயிட்டு வரேன்."

"போயிட்டு வா."

அவள் போனை அணைக்கவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா, தெரியாது. கன்ஸோல் மேஜையில் எங்கோ வைத்திருக்க வேண்டும். முதலில் கூட்டத்தின் கூச்சல் வந்தது. அப்புறம் நாலு நாலாக அந்தத் தாளம் வர ஆரம்பித்தது. தன் பக்கத்துச் சத்தம் அவளுக்குக் கேட்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஐம்பது நிமிஷமும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தார், சொல்லுக்குச் சொல் ஸ்பேஸ் பாரோடு.